தீவு மின்சாரத்துக்கு எந்தக் கணினி மொழி?

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்ட ஒப்பந்தம் 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் கையெழுத்தானது. சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், சேமிக்க 2,400 கிலோவாட் மணி பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி என்பது திட்டம். மேகம் மூடினாலும் காற்று விழுந்தாலும் விளக்கு அணையாமல் இந்த நான்கையும் இணக்கி வைப்பது மென்பொருளின் வேலை.

இத்தகைய கட்டுப்பாட்டுக் கருவிகளின் அடித்தள மென்பொருள் உலகெங்கும் பெரும்பாலும் சி மொழியில்தான் எழுதப்படுகிறது. 1973இல் யுனிக்ஸ் இயங்குதளத்தை அசெம்பிளியிலிருந்து சி மொழிக்கு மாற்றியபோது, அன்று அதுவும் ஓர் உயர்நிலை மொழியாகவே கருதப்பட்டது. வேகம் அதன் பலம். நினைவக எல்லையைக் காக்கும் பொறுப்பை முழுவதும் எழுதுபவரிடமே விட்டுவிடுவது அதன் பலவீனம். நெடுந்தீவில் காணிக்குக் காணி முருகைக்கல் வேலி நிற்கிறது. சி மொழியில் தரவுக்கு ஒதுக்கிய இடத்துக்கு வேலி இல்லை. நூறு எண்களுக்கான இடத்தில் நூற்றியோராவதை எழுதினால், பக்கத்தில் இருப்பது சத்தமில்லாமல் அழியும்.

நினைவகத்தைத் தானே காக்கும் உயர்நிலை மொழியில் இயங்குதளத்தின் மையமான கருவையே எழுத முடியுமா? கட்லர், காஷூக், மொறிஸ் ஆகிய எம்ஐடி ஆய்வாளர்கள் 2018இல் செய்து காட்டினார்கள். அவர்களின் 'பிஸ்கட்' கரு கோ மொழியில் எழுதப்பட்டது. எல்லை மீறலைக் கோ உடனே தடுக்கும். பயன்முடிந்த நினைவகத்தைத் தானே மீட்கும். 2017இல் லினக்ஸ் இயங்குதளத்தில் பதிவான 65 கடும் பாதுகாப்புக் குறைகளை ஆராய்ந்ததில், 40 குறைகளின் ஆபத்தை இந்த இரண்டும் நீக்கும் அல்லது குறைக்கும் என்று தெரிந்தது. அதற்கான விலை, ஒரே பணியில் சி மொழியைவிட 5 முதல் 15 சதவீதம் வேகக் குறைவு. அவர்களின் சோதனையில் நினைவக மீட்பால் ஏற்பட்ட மிக நீண்ட ஒற்றைத் தாமதம் 115 மைக்றோசெக்கன்.

நமது மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிசெக்கன். டீசலை எப்போது இயக்குவது, பற்றரியை எப்போது நிரப்புவது என்று தீர்மானிக்கும் பகுதிக்கு 115 மைக்றோசெக்கன் பொருட்டே அல்ல. செக்கனுக்குப் பல்லாயிரம் முறை ஆளி திறந்து மூடும் இன்வேட்டருக்கு அது மிக நீளம். அங்கே ரஸ்ட் மொழி பொருந்தும்: நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்பதை நிரலை இயக்குமுன்பே தீர்மானித்துவிடுவதால், மீட்புக்காக நிற்கும் தேவை அதற்கு இல்லை. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கருவே ரஸ்டுக்கு இடம் கொடுத்துவிட்டது.

தர்க்கப் பிழையை எந்த மொழியும் தானாகத் திருத்தாது. அந்த 65 லினக்ஸ் குறைகளில் 14 அப்படிப்பட்டவை. எல்லை மீறலைக் கண்டு நிரல் நின்றாலும், அதை மீண்டும் தொடக்கும் ஏற்பாடு வேண்டும். ஆனாலும் தவறான எண்ணை வைத்து ஓடிக்கொண்டிருப்பதைவிட, நின்று மறுபடி தொடங்குவது எவ்வளவோ மேல். பழுது பார்ப்பவர் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி வரவேண்டிய இடம் இது. கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. இங்கே பதினைந்து சதவீத வேகத்தைவிட நம்பகம் பெறுமதியானது.

எத்தனை கிலோவாட் என்று கேட்கும் நாம், கட்டுப்பாட்டு மென்பொருள் எந்த மொழியில் எழுதப்பட்டது, எல்லை மீறினால் என்ன செய்யும் என்பதையும் கேட்க வேண்டும். இனிவரும் திட்டங்களின் கேள்விப்பத்திரக் கோரலிலேயே அந்த இரண்டு கேள்விகளும் இடம்பெறட்டும்.