அலாஸ்கா கப்பல் சுற்றுலா: பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் தருவது அவசியமா?

அமெரிக்காவின் அலாஸ்கா கடற்பகுதியில் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை சொகுசுக் கப்பல்கள் இயக்கப்படுகின்றன. வழக்கமாக ஏழு நாட்கள் நீடிக்கும் இப்பயணத்தின் நோக்கமே பனியாறுகளையும் திமிங்கலங்களையும் காண்பதுதான். எனவே, முன்பதிவு செய்யும் குடும்பங்கள் முதலில் தடுமாறுவது அறைத் தேர்வில்தான். கப்பலும் வழித்தடமும் பொதுவான உணவகங்களும் அனைவருக்கும் ஒன்றே. ஆனால், பால்கனி அறையின் கட்டணம் ஜன்னலே இல்லாத உள் அறையின் கட்டணத்தைவிட மிக அதிகம். சில தேதிகளில் இரு மடங்கையும் நெருங்குகிறது. கட்டணம் ஒரு நபருக்கு எனக் குறிப்பிடப்படுவதால், அந்த வித்தியாசத்தைக் குறைந்தது இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பயணத்தின் உச்சமாகக் கருதப்படுவது கிளேசியர் பே தேசியப் பூங்காவில் கழியும் நாள். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு முழுவதும் பனியால் மூடப்பட்டிருந்த வளைகுடா இது. இப்போது நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மட்டுமே இங்கு அனுமதி. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, ஒலிபெருக்கி மூலம் விளக்கம் அளிப்பார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று, இரு புறத்துப் பயணிகளும் பார்க்கும்படி மெல்லத் திரும்பும். பனிச்சுவரிலிருந்து ஒரு பெரும் துண்டு உடைந்து கடலில் விழும் காட்சிக்காகவே பலர் காத்திருக்கின்றனர். அது எந்த நொடியில், எந்தப் பக்கத்தில் நிகழும் என்பதை யாராலும் கூற இயலாது. பால்கனியில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டுமே. திறந்த மேல்தளத்தில் நிற்பவருக்கு முழு வளைகுடாவும் தெரியும். சில கப்பல்களில் முன்முனைத் தளமும் அன்று பயணிகளுக்காகத் திறந்துவிடப்படுகிறது. ஆகவே, உள் அறை எடுத்ததால் பனியாற்றைத் தவறவிட நேரும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

பால்கனியின் உண்மையான பயன் மற்ற நாட்களில்தான் தெரியவரும். ஜூன் மாதத்தில் ஜூனோ நகரில் சூரிய ஒளி சுமார் 18 மணி நேரம் நீடிக்கிறது. அதிகாலை நான்கு மணிக்கே மலைகளும் நீரும் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் உடை மாற்றிக்கொண்டு மேல்தளம் வரை செல்வோர் சிலரே. உள் அறையிலோ பகலும் இரவும் ஒன்றுபோலவே இருள். நன்றாக உறங்க விரும்புவோருக்கு அது வசதியும்கூட.

விளம்பரப் படங்களில் தெரியாத ஒன்று குளிர். பனியாற்றை நெருங்கும்போது கோடையிலும் காற்று கடுமையாக வீசும். முதியவர்களால் மேல்தளத்தில் கூட்டத்துக்கு நடுவே நீண்ட நேரம் நிற்க முடியாது. போர்வை போர்த்திய பாட்டி நாற்காலியில் அமர்ந்தபடியே மலைகளைப் பார்க்கவும், குளிர் தாங்காதபோது இரண்டடி உள்ளே வந்துவிடவும் பால்கனி உதவும். அத்தகைய குடும்பங்களுக்கு அதை ஆடம்பரச் செலவாகக் கருத முடியாது. மாறாக, உறங்குவதற்கு மட்டுமே அறைக்குத் திரும்பும் இளைஞர்கள் மிச்சப்படுத்தும் பணத்தை ஜூனோவில் சிறு படகில் சென்று திமிங்கலம் பார்க்கச் செலவிடலாம். பால்கனியிலிருந்து தெரிவதைவிட அங்கு திமிங்கலங்களை அருகில் காணும் வாய்ப்பு அதிகம்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, திறக்க முடியாத ஜன்னல் கொண்ட கடல்காட்சி அறை. குறைந்த விலையில் கிடைத்தால், ஜன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா எனக் கப்பலின் தள வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும்.

வான்கூவரிலிருந்து வடக்கே ஒருவழியாகச் செல்லும் கப்பலில் கடற்கரை பெரும்பாலும் வலப்புறம் அமையும். புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும் பயணத்தில் பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தீவுகளால் காக்கப்பட்ட உட்கடல் வழியில் அலை குறைவு. திறந்த அலாஸ்கா வளைகுடாவில் கப்பல் ஆடக்கூடும். குமட்டல் வரும் என அஞ்சுவோருக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறை ஏற்றது. அறை எண்ணைப் பின்னர் ஒதுக்கும் சலுகைக் கட்டணத்தில் இந்தத் தேர்வு எதுவும் பயணியின் கையில் இருக்காது. ஒரே குடும்பத்தின் இரு அறைகள் வெவ்வேறு தளங்களில் அமையவும்கூடும்.