எக்ஸெல்லில் ஒரு நிலநடுக்கம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல்லை வீட்டு வரவு செலவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதிலேயே ஒரு நிலநடுக்கத்தின் அளவையும் கணக்கிடலாம் தெரியுமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரை வைத்தே பார்ப்போம்.

நமக்கு எதற்கு?

2002-ல் வெளியான நிலநடுக்க வரைபடத்தில் கேரளம் முழுவதும் 3-ஆம் மண்டலம்; மதுரை 2-ஆம் மண்டலம். இரண்டுக்கும் நடுவே, மலையடிவாரத்தில் நம் ஊர்கள். 'நமக்கு ஆபத்து குறைவு' என்று இருந்துவிடலாமா? மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் 30.9.1993 அன்று 6.2 அளவு நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. அப்போது அந்த இடம் மிகக் குறைந்த ஆபத்துள்ள 1-ஆம் மண்டலத்தில் இருந்தது! 2002-ல் அந்த மண்டலமே நீக்கப்பட்டது.

செய்து பாருங்கள்

பூமிக்குள் பாறைப் பிளவின் இரு பக்கங்களும் திடீரென வழுக்கி நகர்வதே நிலநடுக்கம். கற்பனையாக ஒரு பிளவை எடுத்துக்கொள்வோம். நீளம் 10,000 மீட்டர், அகலம் 10,000 மீட்டர், நகர்ந்த தூரம் 0.5 மீட்டர். பாறையின் விறைப்பு 3,000 கோடி (30000000000). நான்கையும் நான்கு கட்டங்களில் டைப் செய்து பெருக்குங்கள். 1.5ஈ+18 என்று வரும். பயப்பட வேண்டாம், 15-க்குப் பின் 17 பூஜ்ஜியங்கள் என்று பொருள். இதற்கு லாக்10 ஃபங்ஷனைப் போட்டு, 9.1-ஐக் கழித்து, 1.5-ஆல் வகுங்கள். விடை 6.05. ஏறக்குறைய 1900-ல் கோவையை உலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு!

இப்போது நீளத்தை 20,000 ஆக்குங்கள். விடை 6.25 தான். ஏமாந்துவிடாதீர்கள்! எண்ணில் 0.2 கூடினாலே சக்தி இரு மடங்கு. 1 கூடினால் சுமார் 32 மடங்கு.

உங்கள் வீடு எவ்வளவு குலுங்கும்?

இதற்கு மேலும் மூன்று விவரங்கள் வேண்டும். ஒன்று, தூரம். தள்ளிப் போகப் போக அதிர்வு குறையும். இரண்டு, மண். பாறை மேல் நிற்கும் வீட்டைவிடக் கண்மாய் வண்டல் மேல் நிற்கும் வீடு அதிகம் குலுங்கும். 1985-ல் 350 கிலோமீட்டருக்கு அப்பால் உண்டான நிலநடுக்கம், பழைய ஏரிப் படுகையில் எழுந்த மெக்சிகோ நகரைச் சிதைத்தது இதனால்தான். மூன்று, உயரம். ஓட்டு வீடு வேகமான அதிர்வுக்கு ஆடும். ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் போன்ற உயரமான கட்டடம் மெதுவான அதிர்வுக்கு ஆடும். மெதுவான அதிர்வுகள் வெகுதூரம் பயணிக்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன.

இப்படிப் பல பிளவுகளைக் கணக்கில் எடுத்து, '50 ஆண்டுகளில் இவ்வளவு குலுங்க 10 சதவீத வாய்ப்பு' என்று சொல்லும் ஓப்பன்க்வேக் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸிலும் இயங்கும்.

ஒரு சாஃப்ட்வேர் என்ஜினீயராக ஒன்றைச் சொல்கிறேன். நிலநடுக்கம் எந்தத் தேதியில் வரும் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. வந்தால் எவ்வளவு குலுங்கும் என்று சொல்ல முடியும். கண்மாய் ஓரம் மனை வாங்கியிருக்கிறீர்களா? அஸ்திவாரம் தோண்டும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள். சுவர்களைச் சுற்றி லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள்.