மறைந்து நிற்கும் முத்திரை

தாளை ஒளிக்கு நேரே பிடித்தால் மட்டும் புலப்படும் நீர்க்குறியை, இத்தாலி நாட்டுப் பாப்ரியானோ நகரத்தார் 13ஆம் நூற்றாண்டிலேயே தம் தாள்களில் அமைத்தனர். அம்முறை இன்று திரைப்படத்துள்ளும் புகுந்துள்ளது.

கணிப்பொறியில் ஏறிய படம் எண்களின் தொகுதியே ஆகும். கருமைக்கு 0, வெண்மைக்கு 255 என ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் எண்ணாக நிற்கிறது. 120 என்பதை 121 ஆக்கினால் எந்தக் கண்ணும் அறியாது. இத்தகைய நுண்மாற்றங்களை, உரியவர் மட்டுமே அறிந்த வரிசைப்படி, பல்லாயிரம் புள்ளிகளில் தூவிவிடுவர். ஒரு மூலையை வெட்டி எறிந்தாலும் எஞ்சிய பகுதி குறியைக் காட்டும். படத்தை அளவு மீறிச் சுருக்கினால் குறி சிதைவதும் உண்டு. ஆதலின் இது முழுக்காவல் அன்று.

அமெரிக்காவில் ஆஸ்கார் விருதுக்கு வாக்களிக்கும் உறுப்பினர்க்குப் படங்களின் படிகளை அனுப்புவது முன்பு வழக்கமாக இருந்தது. 2004 சனவரியில் அத்தகைய படி ஒன்று இணையத்தில் உலவியது. படிதோறும் வெவ்வேறு குறி பொறித்திருந்தமையால், அது எவருக்கு அனுப்பியது என்பது தெரிந்துவிட்டது. அவர் ஒரு நடிகர். படத்தை இணையத்தில் ஏற்றியவர் அவர் அல்லர். தெரிந்தவர் ஒருவருக்குத் தம் படிகளை அனுப்பியவர். குறி அவர் பெயரை மட்டுமே கூறிற்று. அந்த மற்றவரைக் கண்டறிய அரசின் புலனாய்வு வேண்டியிருந்தது. ஆயினும், அவ்வாண்டே கழகம் அந்நடிகரை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது.