அலையாத்திக் காடும் தீவு நாடும்

கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் சேற்று நிலத்தில், உவர்ப்பைத் தாங்கி வளரும் மரங்களின் தொகுதியைச் சிங்கப்பூரில் சதுப்புநிலக் காடு என்று வழங்குகிறோம். அதற்கு அலையாத்திக் காடு என்றொரு பெயரும் தமிழில் உண்டு. அலையின் வேகத்தை ஆற்றுவது, அதாவது தணிப்பது, என்னும் பொருளில் அமைந்த பெயர் இது என்பர். நெய்தல் திணைப் பாடல்களில் வரும் கண்டல் இவ்வகை மரமே. சிதம்பரத்திற்குத் தன் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்தது. சிங்கப்பூர்க் கரைகளிலும் அது வளர்கிறது.

தன் நிலத்தைத் தானே ஆக்கும் காடு

உயிர்வளி குன்றிய சேற்றில் வேர்கள் மூச்சுவிட இயலாது. ஆகவே, சில மரங்கள் கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளைந்திறங்கும் தாங்குவேர்களைக் கொண்டுள்ளன. வேறு சில, சேற்றைத் துளைத்து மேலெழும் மூச்சுவேர்களைக் கொண்டுள்ளன. உப்பை வேரிலேயே தடுத்துவிடுவன சில; இலைவழியே வெளியேற்றுவன சில. கண்டல் இனத்தின் விதையோ தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு, பின்னரே நீரில் விழுந்து, தக்க இடம் சேர்ந்ததும் வேரூன்றுகிறது.

அடர்ந்த வேர்களுக்கிடையே நீரோட்டம் தளர்கிறது. நீர் சுமந்துவந்த வண்டல் படிகிறது. நிலம் சிறிது சிறிதாக உயர்கிறது. இவ்வாறு கரையைக் காப்பதோடு, தான் நிற்கும் நிலத்தையும் அக்காடு ஆக்கிக்கொள்கிறது. நீர் தேங்கிய அம்மண்ணில் இலைதழைகள் மெதுவாகவே மட்குவதால், கரிமம் நெடுங்காலம் அங்கேயே தங்குகிறது. மீன்குஞ்சுகளும் இறால்களும் வேர்களிடையே ஒதுங்கி வளர்கின்றன. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் பவளக்காலி முதலிய பறவைகள் சேற்றுவெளியில் இரைதேடுகின்றன.

இழந்ததும் காத்ததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு இக்காடுகளாக இருந்ததென மதிப்பிடுவர். இன்று எஞ்சியிருப்பது ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவே. விறகுக்கும் கரிக்கும் மரங்கள் வெட்டப்பட்டன, இறால் குளங்கள் தோண்டப்பட்டன, கடற்கரை தூர்க்கப்பட்டது. 1970களிலும் 1980களிலும் கிராஞ்சி முதலிய ஆற்றுமுகங்கள் அணைகட்டி நன்னீர்த் தேக்கங்களாக்கப்பட்டன. குடிநீரும் தொழிலும் வேண்டிய இளநாட்டின் தேவைகள் இவை. அவற்றை எளிதில் பழித்துவிட முடியாது. எனினும், கொடுத்த விலை சிறிதன்று.

கைவிடப்பட்ட மீன், இறால் குளங்கள் நிறைந்த சுங்கை பூலோ பகுதிக்கு வலசைப் பறவைகள் திரளாக வருவதை 1986இல் பறவை ஆர்வலர்கள் கண்டு, அதனைக் காக்குமாறு அரசிடம் வேண்டினர். 1989இல் அது இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புடைய இயற்கை வனப்பகுதியாயிற்று. உற்று நோக்கிய சிலரின் கண்களும், அவர்கள் எழுதிய கோரிக்கையும் ஒரு காட்டைக் காத்தன என்பது மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

இனி வேண்டுவது இடம்

2024இல் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வின்படி, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும். நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே உள்ளது. ஆகவே, அலையை ஆற்றும் காடு நமக்கு முன்னினும் இன்றியமையாததாகிறது.

ஆயின், அக்காட்டின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. கடல்மட்டம் ஆண்டுக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால், வண்டல் சேர்த்து நிலத்தை உயர்த்தும் வேகம் அதற்கு ஈடுகொடுப்பது அரிது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மேற்கூறிய உச்ச அளவு நிகழுமாயின் அந்த வரம்பு கடக்கப்படும். அப்போது காடு பின்வாங்கி உள்நிலத்திற்கு நகர வேண்டும். பின்னால் கற்சுவரும் சாலையும் நின்றால் அது எங்கே நகரும்? முன்னே கடலும் பின்னே சுவருமாக நெருக்குண்டு அழியும்.

ஆகவே, மரம் நடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. உபின் தீவில் 2014 முதல் ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் மேற்கொண்டுள்ள மீட்புப் பணி இதனை உணர்த்துகிறது. நாற்று நடுவதை முதற்பணியாகக் கொள்ளாமல், பழைய மீன்வளர்ப்புக் குளங்களில் நீர் வந்துபோகும் வழியையும் நிலத்தின் உயரத்தையும் சீராக்குவதே அதன் நெறி. அவை சீர்ப்பட்டால், அலையில் மிதந்துவரும் முளைகள் தாமே வேரூன்றும்.

நிலம் குறைந்த நாட்டில் ஒரு சேற்றுவெளியை வெற்றிடமாகக் கருதுவது எளிது. அது வெற்றிடமன்று, கரையைக் காக்கும் காடு நிற்பதற்கும், நாளை நகர்வதற்கும் உரிய இடம். அவ்விடத்தை விட்டுவைப்பதே அலையாத்திக் காட்டுக்கு நாம் செய்யத்தக்க முதற்பணி. பாசிர் ரிஸ் பூங்காவின் மரப்பாலத்தில் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர், மரங்களின் பெயர்களோடு அவற்றின் பின்னே எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பதையும் காட்டுவாராக.