பயிரை அழித்தோர்க்குச் சிறை

பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எமது வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், சென்ற தவணையில் முகம் வாடியவராய் எம்மை அணுகினார். லயத்தின் பின்புறம் அவர் தாயார் வளர்க்கும் பசு, கயிற்றை அறுத்துக்கொண்டு அயலாரின் மரக்கறித் தோட்டத்துள் புகுந்துவிட்டதாம். கோவாப் பாத்தி இரண்டு பாழ். "அம்மா சிறைக்குப் போக வேண்டி வருமா, சேர்?" என்று கேட்டார். அந்த அம்மையார் இரண்டு இரவு உறங்கவில்லையாம்.

வராது என்று கூறி அனுப்பினோம். காரணத்தை இங்குச் சற்று விரித்துரைப்போம்.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பிறந்து, 1885 ஜனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. மெக்காலே வரைவிலிருந்து தோன்றிய இந்தியச் சட்டக்கோவையைப் பெரிதும் தழுவியது. பன்முறை திருத்தப்பட்டபோதிலும் இன்றும் நம்மை ஆள்வது அதுவே. பிறருக்கு முறையற்ற நட்டம் விளைக்கும் எண்ணத்தோடு, அல்லது விளையக்கூடும் என்று அறிந்து, ஒரு பொருளை அழிப்பதை அதன் 408ஆம் பிரிவு குற்றமென்கிறது. பிறன் பயிரை அழிக்கக் கருதி அவன் வயலில் மாட்டை ஓட்டிவிடுதல், சட்டமே எடுத்துக்காட்டும் உதாரணங்களுள் ஒன்று. 'ஓட்டிவிடுதல்' என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கயிறறுத்து ஓடிய பசுவுக்கு உடையவளிடம் அத்தகைய எண்ணம் ஏது? அவள் தர வேண்டியது கோவாவின் விலை மட்டுமே. கால்நடைகளின் அத்துமீறலுக்கென 1876இல் தனியான கட்டளைச் சட்டமும் வந்திருந்தது.

வேண்டுமென்றே செய்தவனுக்கோ தண்டனை படிப்படியாக உயரும். சாதாரணச் சேதத்துக்கு மூன்று மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாவுக்கு மேற்பட்டால் இரண்டு ஆண்டு. எருமையையோ பசுவையோ கொன்றால் ஐந்து ஆண்டு, பாசன நீரைத் தடுத்தாலும் அவ்வாறே. நூறு ரூபாப் பொருளுக்குத் தீ வைத்தால் ஏழு ஆண்டு. இங்கிலாந்தில் 1723ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிறர் தோப்பில் மரம் வெட்டியவனையும் மாட்டை முடமாக்கியவனையும் தூக்கிலிட இடந்தந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதனோடு நோக்க, நமது கோவை மென்மையானதே.

இதைக் கேட்ட மாணவர் வேறொரு வினாத் தொடுத்தார்: "அரசாங்கமே அழித்தால், சேர்?"

ஊவாவிற் பிறந்தவர் கேட்கத் தக்க வினாத்தான். 1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊவாவிலும் வெல்லச்சையிலும் ஆங்கில ஆட்சிக்கெதிரான கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்து தலைமை தாங்கினார். ஆளுநர் பிரௌன்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன, நெல்லைக் கொளுத்தின, அல்லது வாரிச் சென்றன, மாடுகளைக் கொன்றன. உண்ண வழியின்றிச் செய்வதே போர்முறையாயிற்று. 1818 நவம்பரில் கெப்பெட்டிப்பொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊர்கள் வெறிச்சோடி வயல்கள் பாழாய்க் கிடந்ததை, படை மருத்துவராயிருந்த ஜோன் டேவி 1821இல் வெளிவந்த தமது நூலிற் பதிவு செய்திருக்கிறார். எருமைக்கு ஐந்து ஆண்டு, தீக்கு ஏழு ஆண்டு என்று கணக்கிட்டால் அப்படைகளுக்கு எத்தனை ஆண்டு வரும் என்று மாணவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். சட்டக்கோவை அறுபத்தைந்து ஆண்டு பிந்தி வந்தது என்று சொல்லி நிறுத்தினோம். முன்னமே வந்திருந்தாலும் படைகளை எந்த நீதவான் விசாரித்திருப்பார் என்பது வேறு கதை. துரோகிகள் என்று அன்று அறிவிக்கப்பட்ட கிளர்ச்சித் தலைவர்கள் 2016இல் அப்பழியினின்று விடுவிக்கப்பட்டனர்.

பின்னர் அம்மலைகளிற் கோப்பியும், அதையடுத்துத் தேயிலையும் வந்தன. அவற்றை நட்டு வளர்க்க நம்மவர் கடல் கடந்து வந்தனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியும், கட்டளைக்குக் கீழ்ப்படியாதவனும் மூன்று மாதம் வரை சிறை செல்ல நேரும். பிறர் பொருளை வேண்டுமென்று அழித்தவனுக்கும் மூன்று மாதம். துரையின் தோட்டத்தை விட்டுப் போனவனுக்கும் மூன்று மாதம்! தொழிலாளர் மீதான இத்தகைய சிறைத் தண்டனைகள் 1921இலேயே நீக்கப்பட்டன. மாணவரின் பாட்டனாருக்குப் பாட்டனார் அக்காலத்தில் வாழ்ந்திருப்பார்.

அடுத்த வாரம் அவர் சிரித்த முகத்தோடு வந்தார். அயலார் காசு கேட்கவில்லையாம். ஒரு மாதத்துக்கு மாலைதோறும் ஒரு போத்தல் பால் என்று பேச்சு முடிந்துவிட்டது. பசுவுக்குப் புதிய கயிறும் வாங்கியாயிற்று.