ஸ்பெயின் நாடும் அதன் மொழிகளும்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில், ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியை நிறைத்துக் கிடக்கிறது ஸ்பெயின் நாடு. மேற்கே போர்ச்சுகல் உள்ளது. வடகிழக்கே பிரெனீஸ் மலைத்தொடர் அரண்போல் நின்று பிரான்சு நாட்டிலிருந்து அதனைப் பிரிக்கிறது. தெற்கே ஜிப்ரால்ட்டர் நீரிணை. அதன் மிகக் குறுகிய இடத்தின் அகலம் 14 கிலோமீட்டர்தான். அதற்கப்பால் ஆப்பிரிக்கா! ஸ்பெயினின் பரப்பளவு ஏறத்தாழ 506,000 சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவைவிட ஒன்றரை மடங்கு பெரியது எனலாம்.

நாட்டின் நடுப்பகுதி மேசெட்டா எனப்படும் பீடபூமியாகும். தலைநகர் மட்ரிட் அதன்மீது, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கோடையில் கடும் வெயிலும் குளிர்காலத்தில் கடும் குளிரும் அங்கு உண்டு. வடமேற்கிலுள்ள கலீசியாவில் மழை மிகுதி, எங்கும் பசுமை. தென்கிழக்கிலுள்ள அல்மேரியாவிலோ பாலைநிலத்தையே காண்கிறோம். நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தலைநிலத்தில் இல்லை என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கும். 3,715 மீட்டர் உயரமுள்ள தெய்தே எரிமலை, அட்லாண்டிக் கடலிலுள்ள கனாரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபேயில் இருக்கிறது.

தோட்டத் தொழிலை அறிந்த நம் பெற்றோர் தெற்கேயுள்ள ஹாயென் மாவட்டத்தைப் பற்றி அறிந்தால் மகிழ்வர். அங்கே குன்றுகள்தோறும் ஒலிவ மரங்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றின் எண்ணிக்கை ஆறு கோடிக்கும் மேல். குளிர்காலத்தில் மரத்தடியில் வலையை விரித்து, நீண்ட கோல்களால் கிளைகளைத் தட்டிக் காய்களை உதிர்ப்பார்கள். இக்காலத்தில் மரத்தைக் குலுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. உலகில் மிகுதியாக ஒலிவ எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயினே.

இனி, ஆட்சிமுறையைக் காண்போம். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி பிராங்கோ, 1975-இல் இறக்கும்வரை சர்வாதிகாரியாய் ஆண்டார். அதன்பின் மன்னர் ஹுவான் கார்லோஸ் காலத்தில் மக்களாட்சி மலர்ந்தது. 1978 டிசம்பர் 6-ஆம் நாள் மக்கள் வாக்களித்துப் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றனர். 2014-இல் அவர் முடிதுறக்க, அவர்தம் மைந்தர் ஆறாம் பெலிப்பே அரியணை ஏறினார். எனினும் ஆளும் பொறுப்பு பிரதமருக்கும் நாடாளுமன்றத்திற்கும் உரியது. கீழவையில் 350 உறுப்பினர்கள் உளர். நாடு 17 தன்னாட்சி மாநிலங்களாகவும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள இரு தன்னாட்சி நகரங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. மாநிலங்கள் எல்லாம் மனநிறைவு அடைந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. 2017-இல் கட்டலோனியா, நீதிமன்றத் தடையையும் மீறித் தனிநாட்டிற்காக வாக்கெடுப்பு நடத்தியது.

உலகம் ஸ்பானிய மொழி என்றழைப்பது உண்மையில் காஸ்தீலிய மொழியாகும். நாடு முழுமைக்கும் அதுவே ஆட்சிமொழி. அதனுடன் கட்டலோனியாவில் கட்டலானும், கலீசியாவில் போர்ச்சுகீசிய மொழிக்கு உறவான கலீசியமும் ஆட்சிமொழிகளாக விளங்குகின்றன. இவை யாவும் இலத்தீன் மொழியின் வழிவந்தவை. வடக்கே வழங்கும் பாஸ்க் மொழி ஒன்றுதான் தனித்து நிற்கிறது. உலகின் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை! அம்மொழியார் இருபது இருபதாக எண்ணுவர். இருபது 'ஒகெய்', நாற்பது 'பெர்ரொகெய்', அதாவது இரண்டு இருபது.

இம்மொழிக்கும் தமிழுக்கும் ஒரு பழைய சந்திப்பு உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பின்னர் 1545-இல் மலாக்காவிலும் காலடி வைத்த பிரான்சிஸ் சவேரியார், பாஸ்க் மொழி வழங்கிய நவாரா நாட்டில் பிறந்தவர். தமிழ் மக்களின் மொழி வேறு, தம் தாய்மொழி வேறு என்பதால் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இயலவில்லை என்று அவர் தம் மடல் ஒன்றில் எழுதியுள்ளார்.

பள்ளிகளில் பாஸ்க் மொழி பட்ட பாடு கொஞ்சமன்று. முற்காலப் பள்ளிகள் பலவற்றில் மோதிரம் ஒன்று வைத்திருப்பார்களாம். பாஸ்க் மொழி பேசிய பிள்ளையிடம் அது கொடுக்கப்படும். அப்பிள்ளை, அவ்வாறே பேசும் வேறொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதனிடம் தள்ளிவிட வேண்டும். இறுதியில் எவர் கையில் மோதிரம் உள்ளதோ அவருக்குத் தண்டனை. பிள்ளைகளையே ஒற்றர்களாக்கிய இம்முறையை என்னென்பது! பிராங்கோ ஆட்சியில் குழந்தைக்குப் பாஸ்க் பெயர் சூட்டிப் பதிவு செய்யவும் இயலாமற்போயிற்று.

அந்நாளில் சான் செபாஸ்தியன் நகரில் எல்பிரா சிபித்ரியா என்னும் ஆசிரியை, 1940-களில் வீடுகளில் சிறு சிறு குழுக்களாகப் பிள்ளைகளைக் கூட்டி, மறைவாகத் தாய்மொழியில் கற்பித்தார். அதைப் பின்பற்றிப் பெற்றோர்கள் தாங்களே பணம் திரட்டிப் பள்ளிகளை அமைத்தனர். 'இகஸ்தொலா' என்பது அவற்றின் பெயர். கற்கும் இடம் என்பது பொருள். வட்டார வழக்குகள் பலவாய்ப் பிரிந்திருந்தமையால் பாடநூல் எழுதுவதும் கடினமாயிற்று. 1968-இல் பாஸ்க் மொழிக் கழகம் பொதுவான எழுத்துநடை ஒன்றை வகுக்கத் தொடங்கிய பின்னரே அத்தடை நீங்கலாயிற்று.

பாஸ்க் தன்னாட்சி மாநிலத்தில் 1991-இல் 16 முதல் 24 வயதுடையோரில் நால்வரில் ஒருவரே அம்மொழியை நன்கு பேசினர். 2021-இல் நால்வரில் மூவர் பேசினர். ஆயினும் வகுப்பில் கற்ற மொழியை விட்டு, விளையாட்டுத் திடலில் காஸ்தீலியத்துக்குத் தாவும் பிள்ளைகளைக் குறித்து அங்குள்ள ஆசிரியர்கள் இன்றும் கவலை கொள்கின்றனர். 2023 செப்டம்பரில் நாடாளுமன்றக் கீழவை, உறுப்பினர்கள் கட்டலான், கலீசியம், பாஸ்க் ஆகிய மொழிகளிலும் உரையாற்ற வழி செய்தது. அம்மொழி அறியாதோர் காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்கின்றனர்.