விழித்திரையின் அடியில் முளைக்கும் குழாய்கள்

கதவு நிலை நேராகவே இருக்கின்றது. பார்ப்பவருக்கோ அது நடுவில் வளைந்து தோன்றுகின்றது. நூலின் வரிகள் நெளிகின்றன. எந்த எழுத்தை நோக்கினாலும் அதன்மேல் ஒரு கறை படிகின்றது. இது மூக்குக் கண்ணாடியின் குறையன்று. விழித்திரையின் நடுவிடத்தில் நேர்ந்த கேடாக இருக்கலாம்.

முதற்கண் கண்ணின் அமைப்பை நோக்குவோம். ஒளியை உணரும் விழித்திரைக்கு அடியில் நிறமிப் படலம் ஒன்று உள்ளது. விழித்திரைக்கு ஊட்டம் தருவதும் அதன் கழிவை நீக்குவதும் இப்படலமே. அதற்கும் அடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்த படலம் இருக்கின்றது. முதுமையினாலோ வேறு நோயினாலோ அங்கிருந்து புதுக் குழாய்கள் முளைப்பதுண்டு. அவை மெலிந்தவை, நீரும் குருதியும் கசிந்து, ஈற்றில் தழும்பு உண்டாகிப் பார்வையின் நடுப்பகுதி அழிகின்றது.

இக்குழாய்களை அறுத்து எடுத்துவிட்டால் என்ன? 1970-இல் ராபர்ட் மாக்கமர் என்னும் மருத்துவர், கண்ணினுள் நிறைந்துள்ள கூழ்மத்தை நுண்கருவியால் நீக்கும் முறையைக் கண்டார். அவ்வழியே சென்று, விழித்திரையில் சிறு துளையிட்டு, நுண்ணிய இடுக்கியால் குழாய்களை வெளியே எடுத்த செய்தியை 1991-இல் தாமஸ், காப்லன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் வெளியிட்டனர். நம்பிக்கை பெருகிற்று.

ஆயினும், சிலர் நலம் பெற்றமை கொண்டு ஒரு சிகிச்சையை மெச்சுதல் தகாது. சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிட்டே அதன் பயனை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அறுவை செய்து ஈராண்டு கவனித்தனர். முடிவுகள் 2004-இல் வெளிவந்தன.

முதுமையால் நோயுற்ற 454 பேரில், பார்வை ஏறியோ பெரிதும் இறங்காமலோ இருந்தோர் அறுவை பெற்றவருள் நூற்றுக்கு 41, பெறாதவருள் 44. குருதி மிகக் கசிந்த வேறு 336 பேரிலும் இதே அளவுதான். இவர்களுள் பார்வை அடியோடு குன்றியோர் மட்டும் அறுவையால் 36-லிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தனர். ஆனால் அறுவை பெற்றவருள் நூற்றுக்கு 16 பேருக்கு விழித்திரை கழன்றது. மற்றவருள் 2 பேருக்கே அவ்வாறாயிற்று.

ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் பூஞ்சை நோயாலோ காரணம் தெரியாமலோ குழாய் முளைத்தவர் நிலை வேறு. நல்ல கண்ணுடையார் 100 அடியில் காணும் எழுத்தை 20 அடிக்கு வந்தும் காண மாட்டாதவர்களுள், அறுவை பெற்றோரில் 76 விழுக்காட்டினரும் பெறாதோரில் 50 விழுக்காட்டினரும் பார்வையைக் காத்துக்கொண்டனர்.

ஒரே அறுவைக்கு இருவேறு பயன் ஏன்? 1994-இல் டொனால்ட் காஸ் என்பவர் காட்டிய வேறுபாடு இதனை விளக்கும். இரண்டாம் கூட்டத்தாருக்குக் குழாய்கள் பெரும்பாலும் நிறமிப் படலத்தின் மேலே படர்கின்றன. முதியோருக்கோ அவை பெரும்பாலும் அதன் அடியிலேயே பரவுகின்றன. வேலிமேற் படர்ந்த கொடியை எளிதில் எடுக்கலாம். சுவரினுள் வேரோடிய ஆலங்கன்றைப் பிடுங்கினால் சாந்தும் உடன் பெயரும். நிறமிப் படலம் பெயர்ந்த இடத்தில் விழித்திரை வாழாது. குழாய் போயிற்று, பார்வையோ மீளவில்லை.

பின்னர், குழாயைப் பிடுங்காமல், அதனை வளரத் தூண்டும் பொருளைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. அவற்றுள் ரானிபிசுமாப் என்பதைத் திங்கள்தோறும் கண்ணினுள் ஊசிவழிச் செலுத்தினர். ஓராண்டில் அம்மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 95 பேர் பெரும் பார்வையிழப்பின்றித் தப்பினர். பெறாதாருள் 62 பேரே தப்பினர். இச்செய்தி 2006-இல் வெளியாயிற்று. அதன்பின் அறுவையின் தேவை மிகச் சுருங்கியது.

எந்த மருந்தும் தழும்பான இடத்திற்கு முழுப் பார்வையை மீட்டுத் தாராது. ஆதலின் காலம் தாழ்த்தலாகாது. கணக்குப் பயிற்சி ஏட்டின் கட்டங்களை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தல் எளிய சோதனை. கோடுகள் திடீரென வளைந்து தோன்றினால், அன்றே கண் மருத்துவரை நாடுதல் அறிவுடைமையாகும்.